வீட்டிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப

அட்டைப்பெட்டிகள் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே வீட்டிடம் சொல்லிக்கொண்டுவிடுங்கள். குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். முதல் பெட்டியைப் பிரித்து டேப் ஒட்டிய நிமிஷத்தில் வீடு குடோன் ஆகிவிடுகிறது. அதன் பிறகு எந்த அறையில் நின்றாலும் "இது பெட்டியில் போகுமா, போகாதா" என்பது மட்டும்தான் மனதில் ஓடும்.

நாங்கள் 2025 ஜனவரி 18, சனிக்கிழமை மதுரை திருநகரிலிருந்து மெல்பர்னுக்குக் கிளம்பினோம். நான், கணவர், பன்னிரண்டு வயது மகள், ஆறு வயது மகன். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பள்ளிக்கூடம் ஜனவரி கடைசியில் தொடங்கிவிடும் என்பதால் பொங்கல் முடிந்த கையோடு புறப்பட வேண்டியிருந்தது. டிக்கெட் போட்ட அன்று எண்ணிப் பார்த்தால் கையில் 47 நாள்.

வீடு அப்பா 1991-இல் கட்டியது. மொட்டை மாடியில் ஏறினால் திருப்பரங்குன்றம் மலை தெரியும். ராத்திரி ஊர் அடங்கியதும் விருதுநகர் பக்கம் போகிற ரயில் சத்தம் கேட்கும். அப்பா 2016-இல் காலமானார், அம்மா 2022-இல். வீட்டை விற்க மனம் வரவில்லை. வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

வீடு பார்த்த வேலையைக் கவனியுங்கள்

காலி அறைகளை வளைத்து வளைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. நானும் முதல் வாரம் அப்படித்தான் எடுத்தேன். மறுநாள் பார்த்தால் வாடகைக்கு வீடு காட்டும் விளம்பரம் மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, எனக்குப் பிரிய முடியாமல் இருந்தது சுவரை அல்ல, அந்த வீடு எங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த வேலைகளை.

ஒரு பழைய டைரியை எடுத்து ஹாலில் வையுங்கள். ஒரு வாரம், எந்த நேரத்தில் வீடு என்ன செய்கிறது என்று யார் கண்ணில் பட்டாலும் ஒரு வரி எழுதட்டும். எங்கள் டைரியில் வந்தவை சில: விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கி தொடங்கியதும் பின்வாசல் கதவு லேசாக அதிரும். பகல் மூன்று மணிக்கு ஹாலின் சிவப்புத் தரையில் ஜன்னல் கம்பி நிழல் ஏணி மாதிரி விழும், அந்த ஏணியில் என் மகன் கால் வைத்து ஏறுவான். மோட்டார் போட்டால் மூன்றாவது நிமிஷம் மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் வரும். மழை வருவதற்கு முன் பூஜை அறைக் கதவு மட்டும் இறுகிக்கொள்ளும். இதில் பாதி எனக்கே தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் பழகிய வீடு அது.

டைரி நிறைந்த பிறகு படம் எடுங்கள். மூன்று மணிக்கு நிழலை, மழைக்கு முன் கதவை. ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் எடுத்தால்தான் அது உங்கள் வீட்டுப் படம்.

சுவரில் எழுதியவை

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தேதிப் பட்டியல் உண்டு. புது சிலிண்டர் மாட்டுகிற அன்று அம்மா பென்சிலால் தேதி எழுதுவாள். எங்களுக்கு கேஸ் இணைப்பு கிடைத்தது 1993-இல், அதுவும் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து. முதல் தேதியை அப்பா எழுதியிருக்கிறார், கொஞ்சம் பெரிய எழுத்தில். அதற்குப் பிறகு எல்லாம் அம்மா. 2022-க்குப் பிறகு நான். மேலிருந்து கீழே இறங்கி, இடம் போதாமல் பக்கத்தில் இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை என்று போகிறது.

டிசம்பரில் ஒருநாள் மதியம் சமையல் முடிந்து, கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தேதிக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள் என்று டைரியில் எழுதிக்கொண்டே வந்தேன். 14.2 கிலோ சிலிண்டர் எங்கள் வீட்டில் சாதாரணமாக 33, 35 நாள் வரும். 2009 மே மாதம் ஒன்று 16 நாளில் தீர்ந்திருக்கிறது. அக்கா கல்யாணம். 2012-இல் ஒன்று 24 நாள். என் பிரசவம், வெந்நீர் வைத்து வைத்தே தீர்ந்திருக்கும். அப்பா போன பிறகு நான் சென்னையில் இருந்த வருஷங்கள்: 71 நாள். 78 நாள். 83 நாள். தினமும் ராத்திரி போன் போட்டுக் கேட்பேன், "சாப்டியாம்மா?" "இப்பத்தான் சூடா ரெண்டு தோசை ஊத்திச் சாப்பிட்டேன்" என்பாள். 83 நாள் வந்த சிலிண்டரில் தினமும் யாரும் தோசை ஊற்றியிருக்க முடியாது. 2019-இல் நாங்கள் மதுரைக்கே திரும்பி வந்த மாதத்திலிருந்து எண் மறுபடியும் 34-க்கு இறங்குகிறது.

அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டிடம் சொல்லிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். கிளம்பும் நாளன்று அல்ல.

உங்கள் வீட்டிலும் எங்காவது இப்படி ஒன்று இருக்கும். பால் கணக்கு, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிய போன் நம்பர்கள், காலண்டரில் சுழித்த திதிகள், பாத்திரத்தில் வெட்டிய பெயர்கள். தேடுங்கள். தேடி, படமும் எடுத்து, உட்கார்ந்து படிக்கவும் செய்யுங்கள். பென்சில் எழுத்தைப் படம் எடுக்கும்போது பிளாஷ் போடாதீர்கள், எழுத்து பளபளத்து மறைந்துவிடும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பென்சில் அழுத்திய பள்ளம்கூடத் தெரியும்.

இதில் ஒரு தவறும் செய்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் சமையலறைச் சுவரைத் தொடாதீர்கள் என்று காட்டிச் சொன்னவள், கூடத்து வாசல் நிலையைச் சொல்ல மறந்துவிட்டேன். நானும் அக்காவும், பின்னால் என் பிள்ளைகளும் வளர்ந்த உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தது அந்த நிலையில். கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் பிரவுன் எனாமல் பெயிண்ட் ஏறிவிட்டது. அவர்மேல் குற்றம் இல்லை, அழகாகத்தான் அடித்திருந்தார். காக்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஆள் வருவதற்கு முதல்நாளே செய்தித்தாளை ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் போதாது.

பிள்ளைகள்

"சீக்கிரம் திரும்பி வந்துடுவோம்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவர்களுக்கு 'சீக்கிரம்' என்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை. "லீவுக்கு வருவோம். ஆனா இந்த வீட்ல வேற ஆளுங்க இருப்பாங்க. நாம பெரியம்மா வீட்ல தங்குவோம்" என்று முழுசாகச் சொன்னேன். மகன் ஒருநாள் முழுக்க அழுதான். ஆனால் அந்த அழுகை வீட்டில், அவன் இடத்தில், என் மடியில் நடந்தது. விமான நிலையத்தில் நடக்கவில்லை.

அவனுக்குப் பின்கட்டில் இருக்கும் கிணறுதான் வீடு. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கம்பி வலைமேல் கவிழ்ந்து தன் பெயரைச் சொல்லிக் கத்துவான், கிணறு திருப்பிச் சொல்லும். "நாம போனப்புறம் கிணத்த யாரும்மா கூப்பிடுவா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. என் கணவர் போனில் அவன் கத்துவதையும் எதிரொலியையும் பதிவு செய்தார். அதோடு கேட் கொண்டி, கிணற்று ராட்டினம், ராத்திரி ரயில் என்று ஒவ்வொன்றாக. சத்தங்களைப் பதிவு செய்வதாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷமாவது இருக்கட்டும், நடுவில் யாரும் பேசாதீர்கள். எங்களுடைய ரயில் சத்தத்தில் "வந்துருச்சு, வந்துருச்சு" என்று நானே பேசிக் கெடுத்து, அதற்காக இன்னொரு ராத்திரி மாடியில் காத்திருந்தோம்.

மகள் வேறு மாதிரி. ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து "வருத்தமா இருக்காம்மா?" என்று கேட்டுக் கேட்டு அவளை இன்னும் மூடவைத்தேன். நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தினேன். காணும் பொங்கல் அன்று ராத்திரி, "அம்மாச்சி கட்டில்ல நான் படுத்துக்கிறேன்" என்றாள். மெத்தையை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், வெறும் பலகை. ஒரு ஜமக்காளத்தை விரித்துப் படுத்துக்கொண்டாள். பெரிய பிள்ளைகளுக்கு இடமும் நேரமும் விட்டால் போதும்.

பொருட்கள்

எங்கள் டிக்கெட்டில் ஆளுக்கு 30 கிலோ, நாலு பேருக்கு 120. முப்பத்து மூன்று வருஷ வீட்டுக்கு அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதனால் எதை எடுத்துப்போவது என்பதைவிட எதை யாரிடம் சேர்ப்பது என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

மொத்தமாக ஒருவரை வரச்சொல்லி "வேண்டியதை எடுத்துக்கோங்க" என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஒவ்வொரு பொருளையும் அது யாருக்கு உழைக்கும் என்று யோசித்து, நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். தையல் மிஷின், பாத்திரம் கழுவ வரும் அக்காவின் மகளுக்குப் போனது, அவள் தையல் படிக்கிறாள். ஊஞ்சல் என் அக்கா வீட்டுக்கு. ஆட்டுக்கல்லை அசைக்கவே முடியவில்லை, அது குடிவருகிறவர்களுக்கு. அப்பாவின் சைக்கிளை இஸ்திரிக் கடை அண்ணன் எடுத்துக்கொண்டார். மறுநாளே அதில் துணி மூட்டையோடு எங்கள் தெருவில் வந்தார். பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

போகி எங்களுக்கு நல்ல ஏற்பாடாக அமைந்தது. யாருக்கும் உதவாத கிழிந்த பாய், ஓலை விசிறி, தேய்ந்த துடைப்பம் அன்றைக்குப் போனது. வழக்கமாகச் செய்கிற வேலை என்பதால் 'வீட்டைக் கலைக்கிறோம்' என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வரவில்லை. பிளாஸ்டிக், டயர் எதையும் தீயில் போடாதீர்கள்.

ஓர் அறையைப் பூட்டி அதில் சாமான்களை வைத்துவிட்டுப் போவது பலர் செய்வது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிங்கப்பூர் போன என் சித்தி மகன் அப்படிப் பூட்டிவிட்டுப் போய், நாலு வருஷம் கழித்துத் திறந்தபோது கல்யாண ஆல்பத்தையும் பத்திரக் கோப்பையும் கரையான் ஒன்றாக்கி வைத்திருந்தது. மூடி வைத்த அறை வீட்டையும் கெடுக்கும். ஆல்பங்கள் அக்காவிடம் போகட்டும், அவள் வீட்டில் யாராவது புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் கொண்டுவந்தது அம்மாவின் பெயர் வெட்டிய ஓர் எவர்சில்வர் சொம்பு. அதற்குள் காலுறைகளைத் திணித்துப் பெட்டியில் வைத்தேன், இடம் வீணாகவில்லை. இப்போது மெல்பர்னில் பால் வாங்கினால் அதில்தான் காய்ச்சுகிறேன்.

பிடிமண்

எங்கள் பக்கத்தில் ஊர் மாறிப் போகிறவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போவது வழக்கம். பெரியவர்கள் கட்டாயம் சொல்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவுக்கு மண் கொண்டுபோகக் கூடாது. செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். விதை, செடி, பழம் எதுவும் கூடாது. மரச் சாமான், உணவுப் பொருள், பூஜைப் பொருள் எதுவாக இருந்தாலும் இறங்கும்போது தரும் அட்டையில் 'ஆம்' என்று குறித்து அதிகாரியிடம் காட்டிவிட வேண்டும். மறைத்தால் அபராதம், விசாவுக்கே சிக்கல் வரலாம்.

நாங்கள் கோயிலுக்குப் போனோம், பிடிமண்ணும் எடுத்தோம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கிணற்றடிக் கறிவேப்பிலை மரத்தின் அடியில் நால்வரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம். என் மாமியார் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே, "காவலுக்கு வீட்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

காகிதங்கள்

இதை நீட்டப் போவதில்லை, ஆனால் விட்டுவிட்டால் கடைசி வாரம் அலைச்சலிலேயே போய்விடும். கேஸ் இணைப்பை ஒப்படைக்கும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கொடுத்து அதற்கான வவுச்சரை வாங்குங்கள், டெபாசிட் திரும்ப வரும். வங்கிச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற எழுதிக்கொடுங்கள். சொத்து வரி, ஈபி, தண்ணீர் வரி ரசீதுகளை ஒரே கோப்பில் போட்டு, ஊரில் இருக்கும் ஒருவர் பெயருக்குப் பதிவு செய்த பவர் பத்திரத்தோடு அவர் கையில் கொடுங்கள். வாடகை ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி பதிவு செய்துவிடுங்கள். வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் குடியிருப்பவர் வாடகையில் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதைக் குடிவருகிறவர்களுக்கு முதலிலேயே விளக்குங்கள், பின்னால் மனக்கசப்பு வராது. பிள்ளைகளின் டிசி, தடுப்பூசி அட்டை கைப்பையில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: சமையலறைக் கதவுக்குப் பின்னால் உள்ள சுவரில் வெள்ளையடிக்கக் கூடாது. பத்திரம் எழுதுபவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், காரணம் கேட்காமல் டைப் அடித்தார்.

மனிதர்கள்

பால்காரர், பூக்காரம்மா, மளிகைக் கடை என்று கணக்குள்ள எல்லோரிடமும் நேரில் போய் முடியுங்கள். ஜிபேயில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவ வரும் அக்காவுக்கு நாங்கள் போவதால் ஒரு வீட்டு வருமானம் போகிறது. இரண்டு மாதச் சம்பளம் கொடுத்ததோடு, அடுத்த தெருவில் ஒரு வீடும் பேசி முடித்துவிட்டுத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

கிளம்பும்போது வாசலில் யார் நிற்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். தானாக வருவார்கள் என்று இருக்காதீர்கள். எதிர்வீட்டு அத்தை என்னைத் தூக்கி வளர்த்தவர். மாமா இறந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு யார் பயணம் கிளம்பினாலும் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். முதல்நாள் சாயங்காலம் போய்க் கேட்டேன். "நான் எதுக்க வரக்கூடாதுத்தா. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அம்புட்டுத் தூரம் போற" என்றார். "எங்கம்மா இருந்தா அதுவும் இப்படித்தான் உள்ள போய் உக்காந்துக்குமா அத்தை? நான் விட்டிருப்பேனா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேஸை அன்று மதியமே ஒப்படைத்துவிட்டதால் ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. இட்லியும் தக்காளிச் சட்னியும்.

மறுநாள் காலை கார் வந்து நின்றதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அத்தை இடுப்பில் நிறைகுடத்தோடு தெருவின் குறுக்கே நடந்து எங்கள் எதிரே வந்தார். தண்ணீர் தளும்பி அவர் சேலை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

கடைசி ஒரு மணி நேரம்

அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் வெளியாட்கள் யாரும் வேண்டாம். வழியனுப்ப வருகிறவர்களை விமான நிலையத்துக்கு வரச்சொல்லிவிடுங்கள். கார் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லாப் பெட்டிகளும் திண்ணையில் இருக்க வேண்டும், அப்போதுதான் வீடு மறுபடி கொஞ்ச நேரம் வீடாக இருக்கும்.

நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன், சின்னதாக. சமையலறையில் அரிசி டப்பாவையும் உப்பு ஜாடியையும் நிறைத்து வைத்தேன், மஞ்சள் தூளும். வருகிறவர்கள் காலி டப்பாவைத் திறக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்தோம். யார் எங்கே நின்றார்கள் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. பின்கட்டிலிருந்து மகன் தன் பெயரைக் கத்துவது மட்டும் கேட்டது.

போன பிறகு குடிவந்தவர்களிடம் படம் அனுப்புங்கள், வீடியோ காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். அது இப்போது அவர்கள் வாழும் வீடு. நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர், தை பிறந்துவிட்டது என்று ஜனவரி 22, புதன்கிழமை பால் காய்ச்சிக் குடிவந்தார்கள் என்று அக்கா சொன்னாள். அதோடு சரி.

மார்ச் மாதம் அந்தப் பெண்ணே வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள், கூட ஒரு வார்த்தையும் எழுதாமல். சமையலறைச் சுவர். என்னுடைய கடைசித் தேதிக்குக் கீழே நீலப் பேனாவில் இரண்டு புதுத் தேதிகள், எழுத்து நல்ல உருண்டையாக. 22.1.25. 13.3.25. விரல்விட்டு எண்ணினேன், 50 நாள்.